ஏழாம் தலை

ஒரு நூல் அறுந்தால்
பன்னிரண்டு தலையும் நிற்கும்.
இந்த மெஷினின் சட்டம் அது.
ஒரு வீட்டில் சாவு என்றால்
தெருவே உலை வைக்காததுபோல
பதினொன்றும் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
காத்திருக்கும்.

கூத்தாநல்லூர். மரவாடிக்குப் பின்சந்தில் தகரக் கொட்டகை.
துபாய்க்குப் போகும் கறுப்பு அபாயாக்களின் மணிக்கட்டில்
பொன் கொடி ஏற்றுகிறோம்.
என் பேர் தையல்நாயகி.
தைப்பது நான் இல்லை.
அறுந்ததைக் கோப்பவள்.

யாரும் கேட்காமல் ஒரு நோட்டு எழுதுகிறேன்:
ஏழாம் தலை, பொன் நூல், 10.20.
ஏழாம் தலை, பொன் நூல், 10.26.
மூன்றாம் தலை, பச்சை, 10.41. கூம்பு தீர்ந்தது, அறுப்பு இல்லை.
ஏழாம் தலை.

நாற்பத்தெட்டாயிரம் தையல் ஒரு டிசைன்.
எண்ணூற்றைம்பது வேகத்தில்
ஐம்பத்தாறு நிமிஷம் ஓடியது.
இருபத்திரண்டு அறுப்பு, ஒன்றுக்கு மூன்று நிமிஷம்.
ஓடியதைவிட நின்றதுதான் அதிகம்.
கூட்டிப் பார்த்த அன்று
சோற்று டப்பாவைத் திறக்கக்கூட மறந்துபோனேன்.

'வேகத்தக் கொறச்சா சரக்கு கொறையும்' என்பார் நஜ்முதீன்.
அவர் ஜும்மாவுக்குப் போன நேரம்
அறுநூற்றிருபதுக்கு இறக்கினேன்.
பதினோராம் நம்பர் ஊசியை எடுத்துவிட்டுப் பதினாலு போட்டேன்.
கண் பெரிது. பொன் நூலின் தோல் உரியாது.
டென்ஷன் திருகு மடைப்பலகை மாதிரி.
ஒரு விரல் தூக்கினால் பயிர் குடிக்கும்,
அரையடி தூக்கினால் வரப்பு போகும்.
நடவுக்குப் போன கை இது, அளவு தெரியும்.

எழுபத்தேழு நிமிஷம் ஓட்டம்.
ஆறே அறுப்பு.
திரும்பி வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார்,
துணியைப் புரட்டி அடிநூலைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
வேகத்தையும் ஏற்றவில்லை.

ஆறும் ஏழாம் தலை.

ஊசித்தட்டைக் கழற்றினேன்.
கமருன்னிஸாவின் பழைய நைலான் காலுறையை
விரலில் மாட்டிக்கொண்டு
கொக்கியைச் சுற்றித் தடவினேன்.
வழுக்கியது, வழுக்கியது,
ஓரிடத்தில் பிடித்து இழுத்தது.
கண்ணுக்குத் தெரியாத கீறல்,
கடுகில் பாதி.

அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.

சித்திரையில் ஒரு மத்தியானம்
கரண்ட் போய், ஏறி, மறுபடி போனபோது
ஏழில் ஊசி உடைந்து கொக்கியில் குத்தியது.
உடைந்த ஊசிக்கு அறுபது ரூபாய் பிடிப்பார்.
துண்டுகளை ரிஜிஸ்தரில் ஒட்டவேண்டும்.
நான் முந்தானையில் முடிந்துகொண்டுபோய்
வாய்க்காலில் எறிந்தேன்.
அப்போது அது வெறும் வெடிப்பு மண்.
இப்போது கடைமடைவரை தண்ணீர் வந்துவிட்டது.
ஊசி எந்த வயலில் கிடக்கிறதோ,
எவள் காலுக்கு.

நைஸ் எமரித் தாள், ஒரு சொட்டு எண்ணெய்,
முக்கால் மணி நேரம்.
காலுறை வழுக்கி ஓடியது.
அன்று மாலைப் பக்கம் காலியாக இருந்தது.
காலியாக விட மனசில்லை.
எழுதினேன்:
ஏழில் ஊசி உடைந்தது, சித்திரை. மறைத்தது நான்.
நோட்டைக் கொண்டுபோய்
அவர் மேஜையில் வைத்துவிட்டு
கூம்புகளுக்குத் தூசி துடைக்கப் போய்விட்டேன்.

சம்பளத்தில் அறுபது ரூபாய் குறைந்தது.
நோட்டு திரும்பி வரவில்லை.
அவர் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டாராம்,
கமருன்னிஸா சொன்னாள்.
என் ஸ்டூல் மேல் புதிதாக ஒன்று கிடந்தது.
இருநூறு பக்கம், கெட்டி அட்டை.
அதற்குக் காசு பிடிக்கவில்லை.

முதல் வரி:
நாலாம் தலை, பச்சை, 9.15.